சித்தப்பாதான் என்பதற்கு என்ன சான்று?

முதுகுளத்தூர் ஒரு காலத்தில் இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்த ஊர். அந்த ஜமீனின் அரண்மனையில் நடந்த ஒரு தத்தெடுப்பு லண்டன் வரை போய், நாட்டுக்கே சட்டமாகத் திரும்பி வந்தது. கணவரை இழந்த ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் ஓர் ஆண் பிள்ளையைத் தத்தெடுத்தார். தத்தெடுக்கக் கணவர் அனுமதி கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆகவே அந்தத் தத்து செல்லாது என்றது அரசுத் தரப்பு. மதுரை கலெக்டரே வழக்காடினார். 1868இல் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: திராவிட நாட்டு வழக்கப்படி, கணவரின் அனுமதி இல்லாவிட்டாலும் பங்காளிகளின் சம்மதம் இருந்தால் கைம்பெண் தத்தெடுக்கலாம். ஏட்டில் எழுதிய சாத்திரத்தைவிட, நிரூபிக்கப்பட்ட வழக்கத்துக்கே எடை அதிகம் என்ற கோட்பாடும் அதே தீர்ப்பில் நிலைபெற்றது. அந்தத் தத்துப்பிள்ளைதான் முத்துராமலிங்க சேதுபதி. விவேகானந்தர் சிகாகோ போகத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி அவருடைய மகன்.

அன்றைக்கு ஒரு தத்துக்கு உயிர் கொடுத்தது சொந்தபந்தங்களின் சம்மதம். இன்றைக்கு அதே மண்ணில், தாய் தகப்பனை இழந்த ஒரு பிள்ளையை வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா தன் பிள்ளையாக ஏற்க முன்வந்தால், சொந்தபந்தங்களின் சம்மதம் தொடக்கம் மட்டுமே. அதற்குப் பிறகு குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாவட்ட ஆட்சியர், டெல்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் (‘காரா’ என்று எல்லோரும் அழைப்பது), அந்த நாட்டின் தத்தெடுப்பு அதிகார அமைப்பு, அதன் குடிவரவுத் துறை என்று வரிசை நீள்கிறது. ‘எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை கையெழுத்து?’ என்று கேட்காத குடும்பம் இருக்காது. அந்தக் கையெழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தவர்கள் வழியில் தடுமாறுவது குறைவு.

ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்வோம். முதுகுளத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். எட்டு வயதுப் பெண். சாலை விபத்தில் பெற்றோர் இருவரும் போய்விட்டார்கள். ஐ.டி.ஐ. படிக்கும் பதினேழு வயது அண்ணன் ஒருவன். இருவரையும் பார்த்துக்கொள்வது அப்பத்தா. மானாவாரி நிலத்தையும் முண்டு மிளகாயையும் கருவேலங்கரியையும் மட்டும் நம்பிப் பிழைக்க முடியாமல், இந்தப் பக்கத்து வீடுகளில் ஒருவராவது கடல் கடந்திருப்பார். இந்த வீட்டில் அது சித்தப்பா. அவரும் சித்தியும் பெண்ணைக் கூட்டிக்கொள்ள மனமார விரும்புகிறார்கள். அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை இப்போதைக்கு விட்டுவைப்போம். பாதை எங்கே நேராகப் போகும், எங்கே அடைபடும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

முதல் கேள்வி: உறவினர் என்றால் யார்? 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தத்தெடுப்புக்கென்று ஒரு குறுகிய பட்டியல் வைத்திருக்கிறது. தந்தையின் உடன்பிறந்தார், தாயின் உடன்பிறந்தார், இரு பக்கத்துத் தாத்தா பாட்டி. அவ்வளவுதான். சித்தப்பா, பெரியப்பா, அத்தை, தாய்மாமன், சித்தி, பெரியம்மா, அப்பத்தா, அம்மாச்சி எல்லோரும் உள்ளே வருகிறார்கள். ஆனால் வயதுவந்த அண்ணனோ அக்காவோ பட்டியலில் இல்லை. அப்பாவின் பெரியப்பா மகனும் இல்லை. ஊர் வழக்கில் அவரும் சித்தப்பாதான், சட்டத்தின் கணக்கில் அல்ல.

இந்த இடத்தில் நம் உறவுமுறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1871இல் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர், உலக மக்களின் உறவுமுறைகளைத் தொகுத்து ஒரு பெரும் நூல் வெளியிட்டார். மானிடவியலில் உறவுமுறை ஆய்வு என்ற பிரிவே அதில்தான் வேர்பிடித்தது என்பார்கள். தன் ஊருக்கு அருகில் வாழ்ந்த செனிகா பழங்குடியினரின் முறை அவரை வியக்கவைத்திருந்தது. அப்பாவின் சகோதரனும் அவர்களுக்கு அப்பா; அம்மாவின் சகோதரியும் அம்மா; தாய்மாமனும் அத்தையும் மட்டும் தனி. தமிழகத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகளிடமிருந்து தமிழ் உறவுமுறை அவருக்குக் கிடைத்தபோது, பாதி உலகத்துக்கு அப்பாலிருந்து அதே அமைப்பு வந்து நின்றது. இரண்டுக்கும் நுட்பமான வேறுபாடுகள் உண்டு என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனாலும் அடிப்படை ஒன்று: அப்பா போய்விட்டாலும் அப்பா என்ற இடம் காலியாவதில்லை, பெரிய அப்பாவும் சின்ன அப்பாவும் ஏற்கெனவே அந்த இடத்தில் நிற்கிறார்கள். அனாதை என்ற நிலையே வராதபடி கட்டப்பட்ட அமைப்பு இது. தந்தை, தாய், மற்றவர்கள் என்று பிரித்துப் பார்க்கும் விசா விண்ணப்பத்தில் இந்த அமைப்புக்கென்று ஒரு கட்டம் கிடையாது.

உறவைத் தாளில் நிறுவுவது அதனால்தான் முதல் வேலை. பெற்றோர் இருவரின் இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்று, குடும்ப அட்டை, வி.ஏ.ஓ.வும் தாசில்தாரும் உறுதிசெய்யும் உறவுமுறைச் சான்று அல்லது குடும்ப வரைபடம். இதில் வெளிநாட்டு அதிகாரி தடுமாறும் இடம் நம் இனிஷியல். தாத்தாவின் பெயர் முத்தையா என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ‘மு’. அப்பா கருப்பையா என்றால் பிள்ளைக்கு ‘க’. ஒரே குடும்பம், ஒரே வீடு, ஆனால் சித்தப்பாவுக்கும் பிள்ளைக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூட இல்லை. குடும்பப் பெயரை வைத்தே உறவைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இவர்கள் அந்நியர்கள். அதற்கு மேல், சித்தப்பாவின் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஆவணத்துக்கு ஆவணம் மாறும். சகோதரர்கள் இருவரின் பள்ளிச் சான்றிதழ்களிலும் ஒரே தந்தை பெயர் இருந்தால் அதுவே நல்ல பாலம். அவற்றைத் தேடி எடுத்துவைப்பது எந்த விண்ணப்பத்துக்கும் முந்திய வேலை.

தாள்கள் போதாமல் சந்தேகம் எழும்போது சில நாடுகள் மரபணுச் சோதனையை ஏற்கின்றன. இங்கே ஒரு சுவையான சிக்கல். சோதனையின் நடுவில் இருக்க வேண்டிய தலைமுறையே உயிரோடு இல்லை. பெற்றோர் இல்லாமல் ஒரு பிள்ளையின் உறவை நிரூபிக்க முடியுமா?

முடியும் என்று உலகுக்குக் காட்டியவர்கள் அர்ஜென்டினாவின் பாட்டிகள். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் இளம் பெற்றோர்கள் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார்கள். அவர்களுடைய குழந்தைகள் வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டார்கள். 1977இல் திரண்ட ‘மே சதுக்கத்துப் பாட்டிகள்’ விஞ்ஞானிகளிடம் போய் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: எங்கள் ரத்தத்தை வைத்து எங்கள் பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடிக்க முடியுமா? 1984இல் அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் அவர்களோடு சேர்ந்தார். தாத்தா பாட்டிகளின் மரபணுக் குறிகளிலிருந்து உறவின் நிகழ்தகவைக் கணக்கிடும் முறை வளர்ந்தது. பின்னர் மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பின் தனி டி.என்.ஏ.வும் கைகொடுத்தது. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். ஆகவே அம்மாச்சி, அம்மா, அம்மாவின் தங்கை, தாய்மாமன், பிள்ளை என ஐவரிடமும் ஒன்றாகவே இருக்கும். இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். தத்தெடுப்பு என்ற பெயரில் நடந்த திருட்டை, உறவின் அறிவியல் திருத்திய வரலாறு அது.

நம் எட்டு வயதுப் பெண்ணுக்குத் திரும்புவோம். சித்தப்பாவும் அவளும் சராசரியாக நாலில் ஒரு பங்கு மரபணுப் பொருளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். சராசரி என்ற சொல் முக்கியம். ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் கலைத்துப் பிரிக்கப்படுவதால் உண்மை அளவு கூடும், குறையும். ஆகவே இந்தச் சோதனையின் விடை நிகழ்தகவாகத்தான் வரும். ஆண் பிள்ளை என்றால் வழி எளிது: தாத்தாவின் ஒய் குரோமோசோம் அப்பா வழியாக அவனுக்கும், நேராகச் சித்தப்பாவுக்கும் ஏறத்தாழ மாறாமல் வந்திருக்கும். பெண் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. ஆனால் அவளுக்கு அப்பத்தா இருக்கிறாள். அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம். அது அவருக்குத் தன் தாயிடமிருந்து வந்தது. அதை அவர் மகளுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டார். எனவே அப்பத்தாவிடமிருந்து வந்த ஒரு முழு எக்ஸ் பேத்தியின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. சித்தப்பா அப்பத்தாவின் மகன் என்று காட்டுவது வழக்கமான தாய்–மகன் சோதனை. அந்த வீட்டிலேயே வலுவான சான்று, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் அப்பத்தாவின் எச்சில்தான்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு விஷயத்தையும் ஆய்வகத்திடம் சொல்லியாக வேண்டும். பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்களா? அக்காள் மகளை மாமன் கட்டியிருந்தால் கணக்கே மாறும். சித்தப்பா ஒரு பக்கம் அப்பாவின் தம்பி. மறுபக்கம் அம்மாவுக்குத் தாய்மாமன். முதல் வழியில் நாலில் ஒரு பங்கு, இரண்டாம் வழியில் எட்டில் ஒரு பங்கு. ஆக எட்டில் மூன்று. பெற்றோர் ரத்த உறவு இல்லாதவர்கள் என்ற அனுமானத்தில் இயங்கும் கணக்கீடு இதைத் தவறாகப் படிக்கக்கூடும்.

சரி, உறவு நிரூபணமாகிவிட்டது. அப்புறமும் ஏன் இத்தனை அலுவலகங்கள்? உறவு என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல என்பதால்தான். 1982இல் லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் இந்தியக் குழந்தைகள் எங்கே போகிறார்கள், என்ன ஆகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை என்பது அதன் சாரம். அதையே மனுவாக ஏற்று, 1984 பிப்ரவரியில் நீதிபதி பி.என். பகவதி விரிவான நெறிமுறைகளை வகுத்தார்: தத்தெடுப்பவரின் வீட்டை அந்த நாட்டிலேயே ஒருவர் நேரில் போய் ஆராய வேண்டும், குழந்தையைப் பற்றி இங்கே ஓர் அறிக்கை வேண்டும், பணம் கைமாறக் கூடாது. காரா உருவானதும் அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாகத்தான். 1993இல் ஹேக் நகரில் நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு ஒப்பந்தம் பிறந்தது. அதை முதலில் ஏற்ற மூன்று நாடுகளில் ஒன்று நம் அண்டை நாடான இலங்கை. மற்றவை மெக்சிகோவும் ருமேனியாவும். இந்தியாவில் அது 2003 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, ‘பெற்றோரை இழந்த குழந்தைகள், தத்தெடுக்க அழையுங்கள்’ என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் பறந்தன. சட்டவிரோதத் தத்துகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு மதுரையில் ஒரு காப்பகத்திலிருந்த குழந்தையைக் கொரோனாவில் இறந்ததாகக் காட்டிவிட்டு விற்ற விவகாரம் வெளியே வந்தது. நமக்குத் தொலைவில் இல்லாத மாவட்டத் தலைநகர் அது.

இப்போதைய வழி இப்படிப் போகிறது. வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட தத்தெடுப்பு முகமையையோ அந்த நாட்டின் மத்திய அதிகார அமைப்பையோ அணுகி, இல்ல ஆய்வறிக்கை தயாரித்துக்கொண்டு, காராவின் இணையதளத்தில் பதிவுசெய்கிறார். அப்படி ஓர் அமைப்பு இல்லாத நாட்டில் இந்தியத் தூதரகத்தின் துணையை நாட வேண்டும். வருமானம், உடல்நலம், வீடு, ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகள், கணவன் மனைவி இருவரின் மனநிலை எல்லாம் அந்த அறிக்கையில் வரும். இங்கே இராமநாதபுரத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பிள்ளையின் வீட்டுக்கு வந்து குடும்பப் பின்னணி அறிக்கை எழுதுகிறது. பெற்றோர் இருந்தால் அவர்களுடைய சம்மதம் வேண்டும். இருவரும் இல்லாத பிள்ளைக்குக் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி. இரண்டு அறிக்கைகளும் காராவில் சந்திக்கின்றன. பிறகு மனு மாவட்ட ஆட்சியரிடம் போகிறது. 2022 செப்டம்பர் வரை இந்த ஆணையை நீதிமன்றம் வழங்கியது. 2021இல் செய்த திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் அதிகாரம் ஆட்சியருக்கு. விசாரணை மூடிய அறையில் நடக்கும். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. பிள்ளையின் நலன், பிள்ளையின் விருப்பம், பணம் கைமாறவில்லை என்ற உறுதி ஆகிய மூன்றிலும் திருப்தி வந்தால் ஆணை. ஆணைக்குப் பின் காராவின் தடையில்லாச் சான்று. அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட்டும் பயணமும்.

உறவினருக்குச் சட்டம் சில சலுகைகளையும் தருகிறது. தத்தெடுப்பவருக்கும் பிள்ளைக்கும் இடையே 25 வயது வித்தியாசம் வேண்டும் என்ற பொது விதி இங்கே பொருந்தாது. சித்தப்பாவுக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் இருந்தாலும் தடையில்லை. தத்தெடுப்போர் முன்கூட்டியே குழந்தையின் குடும்பத்தாரோடு தொடர்பு வைக்கக் கூடாது என்ற ஹேக் ஒப்பந்தத்தின் 29ஆம் விதியிலும் குடும்பத்துக்குள் நடக்கும் தத்துக்கு விலக்கு உண்டு.

ஊரில் பலரும் நடக்கும் வழி வேறு. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தத்துப் பத்திரம் பதிவாகிறது. வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின்படி பத்திரம் ஒரு நல்ல சான்றுதான். ஆனால் நம் கதையில் அது மூன்று இடங்களில் இடறும். ஒன்று, பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் உரிமை பெற்றோருக்கே. பெற்றோர் இல்லாதபோது அப்பத்தா போன்ற காப்பாளர் கொடுக்கலாம், ஆனால் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லாத பத்திரம் நிற்காது. இரண்டு, சித்தப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மகளோ மகன் வயிற்றுப் பேத்தியோ இருந்தால் அந்தச் சட்டப்படி இன்னொரு பெண்ணைத் தத்தெடுக்க முடியாது. மகன் விஷயத்திலும் அப்படியே. பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்திருந்தாலும், வழக்கம் இருந்தாலொழிய, முடியாது. சிறார் நீதிச் சட்டத்தில் இந்தத் தடைகள் இல்லை. பதினெட்டு வரை வழி திறந்திருக்கிறது. மூன்று, இந்துச் சட்டப்படி செய்த தத்து செல்லுபடியானதாகவே இருந்தாலும், பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்துப்போக அது மட்டும் போதாது. 2021இல் தத்தெடுப்பு விதிகளில் சேர்த்த தனி ஏற்பாட்டின்படி மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்பும் காராவின் தடையில்லாச் சான்றும் தேவை. உரிய ஆணை இல்லாமல் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அன்பு மேலீட்டால் அவசரப்பட்டவர்களுக்கும் தண்டனை அதேதான்.

இனி, விட்டுவைத்த கேள்வி. சித்தப்பா எந்த நாட்டில் இருக்கிறார்?

அமெரிக்கா என்றால் வரிசை முறை உயிர்நாடி. ஹேக் ஒப்பந்தம் அங்கே 2008 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தத்தெடுப்பவரின் தகுதியையும் பிள்ளையின் தகுதியையும் அமெரிக்கக் குடிவரவுத் துறை முதலில் பார்த்து முன்னொப்புதல் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் இங்கே ஆணை பெற வேண்டும். முதலில் இங்கே தத்தெடுத்துவிட்டுப் பிறகு விசா கேட்டால், சட்டப்படி மகளாகிவிட்ட பெண் விசா கிடைக்காமல் ஊரிலேயே நிற்க நேரலாம். பதினாறு வயது நிறைவதற்குள் மனு போட்டிருக்க வேண்டும் என்ற பொதுவான வரம்பும் உண்டு.

கனடாவில் நம்மவர் பலருக்கும் தெரியாத ஒரு கதவு இருக்கிறது. பெற்றோர் இருவரும் இறந்த, பதினெட்டு வயதுக்குட்பட்ட, திருமணமாகாத தம்பி தங்கையையோ, உடன்பிறந்தார் பிள்ளையையோ, பேரப்பிள்ளையையோ தத்தெடுக்காமலே குடும்பப் பிரிவில் அழைத்துக்கொள்ள அங்கே சட்டம் இடம் தருகிறது. நம் சட்டம் விட்டுவிட்ட அண்ணனையும் அக்காவையும் அந்தச் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவிலும் ‘ஆதரவற்ற உறவினர்’ என்றே ஒரு விசா வகை உண்டு, எண் 117; பெற்றோர் இறந்தவர்களாகவோ, கவனிக்க இயலாதவர்களாகவோ, இருக்கும் இடம் தெரியாதவர்களாகவோ இருக்க வேண்டும். காத்திருப்பு பல ஆண்டுகள் நீளும் என்பது அதன் பெருங்குறை. இந்த வழிகளில் போனாலும் இந்தியப் பக்கத்தில் காப்பாளர் ஆணை வேண்டும். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் அதை வழங்கும். அதன் எல்லைக்கு வெளியே பிள்ளையைக் கொண்டுபோக அதே நீதிமன்றத்தின் தனி அனுமதியும் பெற வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா. முதுகுளத்தூர் வட்டாரத்துக்கு உண்மையில் நெருக்கமான நாடுகள் இவைதான், சிக்கலும் இங்கேதான் அதிகம். சிங்கப்பூர், மலேசியா, சவூதி, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் எதுவும் ஹேக் தத்தெடுப்பு ஒப்பந்தத்தில் இல்லை. வளைகுடாவில் குடும்பத்தை அழைத்துவரவே சம்பள வரம்பும் வேலை வகையும் தடையாக இருக்கும். கட்டுமான வேலையிலிருக்கும் சித்தப்பா தன் சொந்தப் பிள்ளைகளையே அங்கே வைத்துக்கொள்ள முடியாது. அவர் இங்கே எத்தனை ஆணை வாங்கினாலும் பிள்ளை அங்கே குடியேற முடியாது. இப்படிப்பட்டவரிடம் ‘தத்தெடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லிப் பணம் வாங்கும் இடைத்தரகர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. பிள்ளை நுழைந்து நிரந்தரமாக வாழ அந்த நாடு அனுமதிக்குமா என்பதை எழுத்தில் தெரிந்துகொள்ளாமல் இங்கே ஒரு மனுவும் போடக் கூடாது. ஹேக் ஒப்பந்தத்தின் 5ஆம் விதியும் அதைக் கேட்கிறது.

இராமநாதபுரம் கடற்கரையின் முஸ்லிம் குடும்பங்களுக்கு இன்னொரு பரிமாணம் உண்டு. இஸ்லாமியச் சட்டம் அனாதைப் பிள்ளையைப் பேணுவதைப் பெரும் கடமையாக வைக்கிறது. ஆனால் பிள்ளையின் தந்தை பெயரையும் வம்சத்தையும் மாற்றுவதை ஏற்பதில்லை. அந்தப் பேணும் முறைக்குக் ‘கஃபாலா’ என்று பெயர். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை அதைப் பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது. இந்தியாவில் இவர்களுக்கு நெடுங்காலம் காப்பாளர் ஆணை மட்டுமே வழி. 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், எந்த மதத்தினரும் விரும்பினால் சிறார் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கட்டாயம் இல்லை, விருப்பம்.

நிலம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் முதலில் முணுமுணுக்கப்படுவது அதுதான். பெற்றோர் விட்டுப்போன கரிசல் காடோ வீட்டு மனையோ பிள்ளைக்கு ஏற்கெனவே வந்திருந்தால், தத்துக்குப் பிறகும் அது பிள்ளையுடையதே. இந்து தத்தெடுப்புச் சட்டமும் சிறார் நீதிச் சட்டமும் இதில் ஒன்றே சொல்கின்றன. தத்தெடுத்தவர் என்பதற்காகச் சித்தப்பா அதை விற்க முடியாது. சிறாரின் நிலத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும்.

இத்தனை தூரம் நடப்பது வீண் இல்லை என்பதற்கு அறிவியலிடம் பதில் இருக்கிறது. ருமேனியாவின் புக்காரெஸ்டில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைத் தொடர்ந்தார்கள். குடும்பங்களுக்கு மாறியவர்கள், அதிலும் ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் மாறியவர்கள், அறிவு வளர்ச்சியிலும் பற்றுணர்விலும் தெளிவாக முன்னேறினார்கள். உறவினரிடம் வளர்வது பற்றி 2014இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, வேற்று வளர்ப்புக் குடும்பங்களில் இருப்பவர்களைவிட உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு மனநலமும் நடத்தையும் மேலாக இருப்பதாகவும், அவர்கள் வீடு மாற்றப்படுவது குறைவு என்றும் கண்டது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கு நாடுகளில் நடந்தவை. மேலும் அவை பேசும் உறவு, அதே ஊர் அதே மொழிக்குள் இருக்கும் உறவு. வாட்ஸ்அப் வீடியோவில் மட்டும் பார்த்த சித்தப்பா, புரியாத மொழிப் பள்ளி, பனிக்காலம், பக்கத்தில் அப்பத்தா இல்லை என்றால், ரத்த உறவு மட்டும் எல்லாவற்றையும் ஈடுசெய்யாது. சொந்த நாட்டுக்குள் பிள்ளைக்கு நல்ல ஏற்பாடு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லும் ஹேக் ஒப்பந்தத்தின் 4ஆம் விதியை நான் மதிப்பது இதனால்தான்.

அப்படி ஏற்பாடு இருந்தால் அதுவும் கௌரவமான வழியே. பிள்ளை அப்பத்தாவிடமோ ஊரிலுள்ள அத்தையிடமோ இருக்கலாம், சித்தப்பா பணம் அனுப்பலாம், விடுமுறைக்கு வரலாம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. 1098 என்ற எண்ணை அழைத்தால் மாவட்டத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள்.

இந்த முடிவில் அந்த எட்டு வயதுப் பெண்ணுக்கும் இடம் உண்டு. உறவினர் தத்தில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளையின் சம்மதத்தை விதிகள் கட்டாயமாகக் கேட்கின்றன. பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டிய பிறகு அவள் ஒருத்தி ‘போகல’ என்று சொன்னால், அதைக் கோப்பில் எழுதியாக வேண்டும். ஆகவே அவளிடம் முன்கூட்டியே, அவளுக்குப் புரியும்படி, ஒரு தடவைக்கு மேல் பேச வேண்டும். அப்பத்தா கூட வர மாட்டாள் என்பதையும் மறைக்கக் கூடாது.

அண்ணன் இங்கேயே இருக்கப்போகிறான். சிறார் நீதிச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, வெளிநாட்டு உறவினர் தத்துக்கென்றே எழுதப்பட்டது. அதன் கடைசி உட்பிரிவு, தத்தெடுத்தவர்கள் பிள்ளையை அதன் உடன்பிறந்தாரோடும் பெற்றெடுத்த பெற்றோரோடும் அவ்வப்போது தொடர்பில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. சித்தப்பா கையெழுத்திடும்போது இதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்திடுகிறார். வாரம் எந்தக் கிழமை அண்ணனோடு பேசுவது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு அழைத்துவருவது, டிக்கெட் செலவு யாருடையது என்பதையெல்லாம் ஆணைக்கு முன்பே பேசி எழுதிவைத்துக்கொள்ளும்படி அந்தக் குடும்பத்துக்கு நான் சொல்வேன்.